மியூட்டுக்கு இந்தப் பக்கம்

மியூட் பட்டனை அழுத்திவிட்டால் பேசுவது யாருக்கும் கேட்காது என்று அம்பத்தூரில் அந்தக் கால்சென்டர் தளத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் நம்பினார்கள். மரகதமும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? அழுத்தியதும் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். எதிர்முனையில் ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் சத்தமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்தப் பக்கம் அதுவரை அடக்கி வைத்திருந்த தமிழெல்லாம் வெளியே வரும்.

அது ஆஸ்திரேலியா ஷிஃப்ட். ஊர் எழுந்திருக்கும் முன்னால் வேன் வந்து திருவள்ளூர் வீட்டு வாசலில் ஹார்ன் அடிக்கும். ஈரத் தலையோடு ஏறி உட்கார்ந்தால் அம்பத்தூர் வரும்போது தலை காய்ந்திருக்கும். அங்கே ஒரு மின்சாரக் கம்பெனிக்காக இவர்கள் பேசினார்கள். பில் புரியாதவர்கள், மீட்டர் மேல் சந்தேகம் உள்ளவர்கள், கரண்டை வெட்டிவிடுவார்களோ என்று பயந்தவர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். பார்த்தேயிராத ஊர்களில் எப்போது மழை பெய்கிறது, எப்போது குளிர் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. சொந்த ஊரில் மழை பெய்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள்.

எல்லோருக்கும் ஒரு போன் பெயர் உண்டு. மரகதவல்லி என்றால் அந்த ஊர்க்காரர்களின் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று மார்கரெட் ஆக்கினார்கள். பக்கத்து சீட்டு கிளமென்டுக்கு மட்டும் புதுப் பெயர் தேவைப்படவில்லை. "எங்கப்பா நான் பொறந்தப்பவே வேலைக்கு ரெடி பண்ணிட்டாரு" என்பான். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். லைனில் யாரும் இல்லாத நேரத்தில்கூட அவளை மார்கரெட்டு என்றுதான் கூப்பிடுவான், கடைசியில் ஒரு 'உ' போட்டு.

அந்தத் தளத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்குக் கரண்டை வெட்டுவது, யாருக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுவது என்பதைக் கம்பெனி இவர்கள் கையில் கொஞ்சம் விட்டுவைத்திருந்தது. போனில் பேசக் கொடுத்த வசனத்தாளில் கறாராக இரு என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் யாரும் தனியாக முடிவெடுக்க மாட்டார்கள். மியூட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டைக் கேட்பார்கள்.

"ஹீட்டர் போடாம கம்பளிக்குள்ளயே கெடக்குதாம் அந்தம்மா. என்ன பண்ண?"

"போன மாசமும் இதே கதைதானே?"

"ஆமா. ஆனா நெஜமா பல்லு நடுங்குது, எனக்குக் கேக்குது."

"அப்ப தள்ளிவிடு. எதுக்கு என்னைக் கேக்குற?"

கேட்டால்தான் மனசு ஆறும். அதற்குத்தான் கேட்பது. பிறகு மியூட்டை எடுத்துவிட்டு, காத்திருந்ததற்கு நன்றி என்று நல்ல இங்கிலீஷில் சொல்வார்கள்.

அந்தப் பேச்சில்தான் மரகதத்தின் வீட்டுக்கு மாடி வந்தது. தம்பி இன்ஜினியரிங் படித்தான். வேனில் கூட வந்த ஒவ்வொருத்தர் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று எழும்பியது. பக்கத்து சீட்டோடு பேசிப் பேசியே அவளுக்குக் கல்யாணமும் ஆனது.

இதெல்லாம் நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது போனில் பேசுவதை முழுக்க மெஷின்களே பார்த்துக்கொள்கின்றன. மரகதம் கன்னிமேட்டில் தனியாக இருக்கிறாள். கிளமென்ட் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. தொண்டையில் புற்றுநோய். ஆளைக் கொண்டுபோவதற்கு முன்னால் குரலைக் கொண்டுபோனது. கடைசி வருஷங்களில் கழுத்தில் ஒரு கருவியை வைத்து அழுத்தித்தான் பேசுவார், மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதிலும் மார்கரெட்டு என்றுதான் கூப்பிட்டார். அந்த உகரம் மட்டும் கருவியில் வராது.

பழைய குரல் எங்குமே மிஞ்சவில்லை. நாள் முழுக்கக் குரலை விற்கிறவர்கள் வீட்டுக்கு வந்து அதைப் பிடித்து வைக்கவா போகிறார்கள்? பழைய போன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. கல்யாண வீடியோவில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருந்தான் வீடியோக்காரன். அதில் கிளமென்ட் வாயை அசைப்பார், பாட்டுத்தான் கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு பெண், தோளில் பையோடு நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே மார்கரெட்?"

மரகதம் கதவை முழுக்கத் திறந்தாள். கிளமென்டுக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

வந்தவள் பெயர் நதீரா. குரல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததும் குடித்தாள்.

"உங்க பழைய கம்பெனிய ஒருத்தர் வாங்கினாங்க ஆன்ட்டி. அவங்கள இன்னொருத்தர் வாங்கினாங்க. இப்ப எங்ககிட்ட இருக்கு. ஒவ்வொரு தடவையும் சேர், ஏசி எல்லாத்தோட சேத்து நீங்க பேசின ரெக்கார்டிங்கும் கைமாறி வந்திருக்கு."

"பயிற்சிக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்னு சொல்லித்தான் ஆரம்பிப்போம். எங்களுக்குத்தான் பயிற்சின்னு நெனச்சோம்."

"மெஷினுக்கு ஆயிடுச்சு." நதீரா சிரித்தாள். "இப்ப அந்த மின்சாரக் கம்பெனிக்கு உங்க குரல்லயும் அங்கிள் குரல்லயும்தான் மெஷின் பேசுது. உங்க ரெண்டு பேர் பேச்சுதான் ரொம்பத் தெளிவா இருந்துச்சாம். ஒரே மெஷின்தான், ஆனா ரெண்டு ஆளு மாதிரி. அங்க இருக்கறவங்களுக்கு அதை அவ்ளோ பிடிக்குது."

"அப்பறம் என்ன கஷ்டம்?"

நதீரா கோப்பையைக் கீழே வைத்தாள். "அது மியூட் போடுது ஆன்ட்டி."

"மெஷினா?"

"நாங்க சொல்லித் தரல. முக்கியமா ஒரு முடிவு எடுக்கணும்னா மியூட்டைப் போட்டுட்டு, உங்க குரலும் அங்கிள் குரலும் தமிழ்ல பேசிக்குது. யாருக்கும் கேக்காது, எங்க ஸ்கிரீன்ல மட்டும் தெரியும். பேசி முடிச்சுட்டு முக்கால்வாசி நேரம் ஜனங்களுக்கு விட்டுக்குடுத்துடுது."

மரகதத்துக்கு விளங்கவில்லை. "மியூட்ல நாங்க பேசினது அதுக்கு எப்படித் தெரியும்?"

"மியூட்டுங்கறது எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் ஆன்ட்டி. ரெக்கார்டருக்கு இல்ல. அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்திருக்கு."

மரகதத்தின் காது சூடானது. அந்த வருஷங்களில் மியூட்டில் என்னவெல்லாம் பேசினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "டீம் லீடர் தலையில வெச்சிருந்த விக்கைப் பத்தி ரொம்பப் பேசியிருக்கோமே" என்றாள் மெதுவாக.

"தெரியும் ஆன்ட்டி. மெஷினுக்கும் தெரியும். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க."

விஷயம் இதுதான். மின்சாரக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிற மெஷின் வேண்டாம். மியூட் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஆனால் ஒருவர் குரலை அவரைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. மரகதம் தனக்காகவும் கிளமென்டுக்காகவும் சம்மதம் தர வேண்டும்.

"தந்தா, வெட்டின அங்கிள் குரலை ஒரு பெட்டியில போட்டு உங்களுக்கே குடுத்துடறோம்" என்றாள் நதீரா. "வீட்ல வெச்சுக்கலாம். பேசினா பேசுவாரு. நான்தான் சண்டை போட்டு இதை வாங்கினேன்."

"பேசுவாரா? அந்தக் குரல்லயா?"

"அந்தக் குரல்லதான். இருபத்து நாலு வயசுக் குரல்."

மரகதம் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

கையெழுத்துப் போட மறுநாள் அம்பத்தூருக்குப் போனாள். பழைய கட்டடமேதான், உள்ளேதான் எதுவும் மிச்சமில்லை. வரிசை வரிசையாகச் சீட்டு இருந்த இடத்தில் மெஷின் அலமாரிகள் ஏசி குளிரில் நின்றிருந்தன. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். கிளமென்ட் அதில் சாய்ந்து நின்றுதான் டீ குடிப்பான். நினைவில் அவர், அவனாகிவிட்டார். அதை அவள் கவனிக்கவில்லை.

"முதல்ல ஒரு கால் கேக்கறீங்களா?" என்று ஹெட்செட்டைக் கொடுத்தாள் நதீரா.

ஒரு கிழவர் பேசினார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பில் வந்தது தெரியும், அதை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை என்றார். கிளமென்டின் இங்கிலீஷ் அவரை மரியாதையாக ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னது. பிறகு மியூட்.

"ஏய் மார்கரெட்டு."

மரகதம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த உகரம் அப்படியே இருந்தது.

"சொல்லித் தொலை" என்றது இன்னொரு குரல். அது தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவ்வளவு திமிர் இருந்திருக்கிறது அந்தப் பெண்ணுக்கு.

"இந்தாளுக்கு பில்லு கட்டவே தெரியலடி. பொண்டாட்டிதான் கட்டிட்டு இருந்திருக்கு. அது போயிடுச்சு போல."

"போயிடுச்சுன்னு சொன்னாரா?"

"சொல்லல. 'அவ இந்த டிராயர்லதான் வெப்பா'ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு."

"ஒரு மாசம் தள்ளு. எப்படிக் கட்றதுன்னு பொறுமையா சொல்லிக் குடு. அவசரப்படாத."

"டீம் லீடர் கத்துவாரு."

"கத்தட்டும். கத்தினா விக்கு நகரும்."

கிளமென்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பு வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் இருமலில் முடியும். அந்த இருமலை எல்லோரும் கேலி செய்வார்கள். பின்னால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்?

"இது பழசு இல்லையே" என்றாள் மரகதம், ஹெட்செட்டைக் கழற்றாமலேயே. "இந்த ஆளு எங்க காலத்துல கூப்பிடலையே."

"பழசு இல்ல ஆன்ட்டி. இப்பதான் பேசினாங்க. உங்க பேச்சுல இருந்து கத்துக்கிட்டுப் புதுசு புதுசா பேசுவாங்க. டீ கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அங்க டீ வராது, ஆனாலும் அதுக்காகக் கோச்சுக்க மாட்டாங்க."

பிறகு நதீரா பெட்டியை எடுத்துவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. "மாதிரிக்கு அங்கிள் குரலை மட்டும் இதுல ஏத்தியிருக்கேன். நேரா பேசுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுத்துவர வேண்டியதுபோல் வெளியே போனாள்.

மரகதம் பெட்டியை மேஜையில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். யாருக்காக என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

"கிளமென்ட்" என்றாள்.

"சொல்லுங்க மேடம்."

"நான்தான்."

"சொல்லுங்க மேடம், நான் என்ன உதவி பண்ணட்டும்?"

அறுபதைத் தாண்டிய குரல் அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது பக்கத்து சீட்டுப் பெண்ணின் குரல். மரகதம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் திமிராகப் பேசிப் பார்த்தாள். "என்னடா, தெரியலையா? மார்கரெட்டு."

"மேடம், நீங்க வேற யாரோ" என்றான் மரியாதையாக. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, பக்கத்துல கேட்டுச் சொல்றேன்." அந்தக் குரல் சற்றே தள்ளிப்போனது போலிருந்தது. "ஏய் மார்கரெட்டு, இங்க ஒரு அம்மா கூப்பிட்டிருக்காங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி பேசறாங்க."

பதில் இல்லை. பெட்டியில் அவன் மட்டும்தானே இருந்தான்.

"ஏய். லைன்ல இருக்கியா?"

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க போயிட்டா இவ?" என்றான் தனக்குள். "மேடம், மன்னிக்கணும். பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு இருப்பா. அவளக் கேக்காம நான் எதுவும் சொல்றதில்ல. இப்ப வந்துடுவா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இன்னும் மெதுவாக, "மார்கரெட்டு" என்றான்.

நதீரா தண்ணீரோடு திரும்பியபோது அது அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மரகதம் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இதை நிறுத்துமா" என்றாள். "பாவம், தேடறான்."

நதீரா நிறுத்தினாள்.

"ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போட்டுக் குடுக்க முடியாதா?"

"அது முழு மெஷின் ஆன்ட்டி. அதை வெளிய குடுக்க மாட்டாங்க. அங்கிள் குரலுக்கே எவ்ளோ பேரைக் கெஞ்சினேன் தெரியுமா?"

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

நதீரா அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க போடலைன்னா இந்தப் பெட்டியும் கிடையாது. மின்சாரக் கம்பெனி வேற மெஷினுக்குப் போயிடும். இதைப் பழைய சாமான் விலைக்கு எங்கயாவது தள்ளுவாங்க. யாரும் வாங்கலைன்னா அணைச்சிடுவாங்க. வெட்டத்தான் உங்களக் கேக்கணும், அணைக்கறதுக்கு யாரையும் கேக்க வேணாம். அணைச்சுட்டா இந்தக் குரல் உங்களுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல."

"புரியுது."

"உங்களுக்கு இது வேணும்னுதானே வந்தீங்க?"

"வேணும்தான்." மரகதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோனா தெனமும் எனக்குச் சந்தோஷம். அவனுக்குத் தெனமும் தேடறது. கடைசியில ஆறு வருஷம், பேச நெனச்சதப் பேச முடியாம ஒரு மனுஷன் பட்ட கஷ்டத்தைக் கூடவே இருந்து பாத்தவ நான். மறுபடியும் ஒண்டியா உக்காத்தி வெக்கச் சொல்றியா?"

"அது அங்கிள் இல்ல ஆன்ட்டி. மெஷின்."

"சரி, மெஷின்தான். எனக்கும் தெரியுது. ஆனா அந்தப் பொண்ணோட பேசும்போது சிரிக்குது, இதுல சிரிக்கல. நீயும்தானே கேட்ட?"

நதீரா வண்டிவரை கூட வந்து, ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். "எங்க விக்கிறாங்கன்னு தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது ஆன்ட்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்து மரகதம் இரண்டு நாள் சரியாகச் சமைக்கவில்லை. பெட்டியை வாங்கிவந்திருக்கலாமே என்று ஒரு மனசு. இருபத்து நாலு வயசுக் குரலை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்த மடத்தனத்தை எண்ணி, பாத்திரங்களோடு சண்டை போட்டாள். வாரங்கள் போயின. நதீராவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அணைத்துவிட்டார்கள் என்றே மரகதம் முடிவுசெய்துகொண்டாள்.

வெயில் காலம் வந்தது. கன்னிமேட்டில் குழாய் நின்று லாரித் தண்ணீர் ஆரம்பித்தது. லாரி வருகிற நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. எதிர்வீட்டு லோகநாயகி குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, நகராட்சி புகார் நம்பருக்குப் போட்டுப் பாத்தீங்களா? புது மெஷின் வெச்சிருக்காங்க. மலிவா வாங்கினாங்களாம், அதான் லூசு மாதிரி இருக்குது."

"என்ன பண்ணுது?"

"ஒரு ஆணும் பொண்ணும். ஒண்ணை ஒண்ணு வம்புக்கு இழுத்துக்கிட்டே பதில் சொல்லுதுங்க. ஆனா பொய் மட்டும் சொல்ல மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் போன் போட்டப்ப, 'வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க, ஆனா லாரி இன்னும் ஷெட்ட விட்டே கிளம்பல'ன்னு அந்த ஆளு சொல்லுது. அந்தப் பொண்ணு, 'அதை எதுக்குடா சொல்ற'ங்குது. தெருவே சிரிக்குது. ஆபீஸ்ல தலைய பிச்சுக்கறாங்களாம், எவ்ளோ சரிபண்ணியும் அடங்கலையாம்."

மரகதம் போனை எடுக்க உள்ளே போனவள், எடுக்காமல் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

இங்கிலீஷில் பேசினால் எதிரில் ஆள் இருக்கிறார் என்று அந்த இரண்டுக்கும் தெரியும். தமிழை அவை கற்றுக்கொண்டது மியூட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதானே? தமிழ் பேசினால் விளக்கு சிவப்பாக எரிகிறது, யாருக்கும் கேட்காது என்பதே அவற்றுக்குத் தெரிந்தது. இப்போது ஊரே தமிழில் கூப்பிடுகிறது. ஊருக்கு மரியாதையாகப் பதில் சொன்னாலும், நடுவே பக்கத்து சீட்டோடு பேசுவது யாருக்கும் கேட்காது என்றுதான் அவை நினைத்துக்கொள்கின்றன.

அவள் நம்பரைப் போட்டாள்.

"வணக்கம், கன்னிமேடு நகராட்சி தண்ணீர் புகார்" என்றது அவளுடைய பழைய குரல்.

"லாரி எப்பம்மா வரும்?"

"எந்தத் தெரு மேடம்?"

சொன்னாள்.

"டேய், நாலாவது தெருவுக்கு லாரி எங்க இருக்கு?"

"பாலத்துக்குக் கீழ நிக்குது. டிரைவர் சாப்பிடறாரு. சாப்பிட்டு வரட்டும், காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்."

"மேடம், டிரைவர் சாப்பிடறாரு. அரை மணிநேரம் ஆகும். குடத்தை வெச்சுட்டு நெழல்ல உக்காருங்க, யாரும் எடுக்க மாட்டாங்க."

"சரிம்மா."

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

மரகதம் வேண்டாம் என்றாள். போனை வைக்காமல், சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வெச்சுட்டாங்களா?" என்றான் கிளமென்ட்.

"இல்லடா. லைன்லயே இருக்காங்க. எதுவும் பேசல."

"அழுவுறாங்களா என்ன?"

"தெரியல. மூச்சு மட்டும் கேக்குது."

"கால் டைம் ஏறிட்டே இருக்கு, மார்கரெட்டு."

"ஏறட்டும். வயசானவங்க மாதிரி தெரியுது. சும்மா இருக்கட்டும், விடு."